ரோசா மாமியின் முற்றம்

ஆலங்குடாவில் நான் சமைக்கும் விடுதிக்கு இஸ்ரேலிலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். காலையில் ஈரத் துவாயோடு நின்று முற்றத்தைக் காட்டி, "ஹட்சேர்" என்றாள். அவர்களுடைய ஹீப்ரு மொழியில் முற்றத்துக்கு அதுதான் பெயராம். நானும் சொல்லிப் பார்த்தேன். சொல் வாயில் இருக்க, மனம் ரோசா மாமியின் வெள்ளை மணல் முற்றத்துக்குப் போய்விட்டது.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைத் துரத்திய வருஷம் அது. இங்கே வந்து போட்ட எங்கள் ஓலைக் கொட்டிலுக்குள் நிமிர்ந்து நின்று தொழக்கூட இடமில்லை. பக்கத்து வீட்டு ரோசா மாமி வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருடைய முற்றம் முழுக்கக் கருவாடு காயும். வாப்பா வேலியடியில் நின்று, அங்கே தொழ இடம் தருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதுக்கேன் கேக்கிறீங்க, நானா? வாங்க," என்றார் மாமி, சொந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல.

பின்னேரம் அசர் தொழுகைக்கு நாங்கள் போனபோது, வேப்பமரத்தடியில் ஒரு மூலையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்.

"நாயைப் பின்னால கட்டிட்டன். யோசிக்காமத் தொழுங்க."

தொழும் இடத்தில் நாய் ஆகாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ!

"உங்கள் மொழியில்?" என்பதுபோல் அந்தப் பிள்ளை கையைக் காட்டினாள்.

"முற்றம்," என்றேன். நாங்கள் வேறு வீடு கட்டிப் போய், வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த பிறகும், மாமி அந்த மூலையில் மட்டும் கருவாடு காயப் போடவேயில்லை. அதைச் சொல்ல எனக்கு ஹீப்ரு போதவில்லை.