எதிர்வீட்டு நாற்காலி மீது ஒரு புகார்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கடிதம் எழுதுவேன்.

போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் நான். சுங்க இலாகாவுக்கு, துறைமுகத்துக்கு, லோரி கம்பெனிக்கு என்று அரசாங்க மலாயில் எழுதி எழுதிப் பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகு மட்டும் சும்மா இருக்குமா? தெருவிளக்கு எரியாவிட்டால் நகராண்மைக் கழகத்துக்கு ஒரு கடிதம். கால்வாயில் தண்ணீர் தேங்கினால் ஒரு கடிதம். இப்போதெல்லாம் கைப்பேசியிலேயே புகார் செய்யலாம் என்று மகள் காட்டிக் கொடுத்தாள். ஒரு படம், மூன்று சொல், அவ்வளவு போதுமாம். அது ஒரு புகாரா? ‘மேற்காணும் விவகாரத்தை மிகுந்த பணிவுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்’ என்று தொடங்காத புகாரை எந்த அதிகாரி மதிப்பார்? நான் கம்ப்யூட்டரில் முழுப் பக்கம் அடித்து மின்னஞ்சலில் அனுப்புவேன். அந்த மேலான கவனத்துக்கு வேறு வேலையே இல்லையா என்று என் மனைவி கேட்பாள். அவள் ஆபீஸ் வேலை பார்த்தவள் இல்லை, விடுங்கள்.

எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு ரோடு. கட்டியவர்கள் வீட்டுக்கு ஒரு கார் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். இப்போது அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, வேலைக்குப் போகும் பிள்ளைக்கு ஒன்று. ஆகவே வீட்டு முன்னால் எதையாவது வைத்து இடம் பிடிப்பது எங்கள் தெரு வழக்கம். ரோடு யாருடையது என்று கேட்டால், நகராண்மைக் கழகத்துடையது என்று எல்லாரும் சரியாகவே சொல்வார்கள். தன் வீட்டு முன்னால் இருக்கிற ரோடு மட்டும் தன்னுடையது.

ஒரு வீட்டில் பூச்சட்டி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் செயின் இல்லாத சைக்கிள். எனக்குப் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் இறக்கை போன மின்விசிறி ஒன்றை நிறுத்தியிருந்தார். என்னுடையது அப்படிப்பட்ட குப்பை இல்லை. பெயின்ட் டின்னில் சிமென்ட் ஊற்றி, நடுவில் ஒரு பைப்பை நட்டு, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அரசாங்கமே வைத்த மாதிரி இருக்கும். கேட்டுக்குள் என் மனைவியின் பூச்செடிகள் காடாக வளர்ந்து கிடப்பதால் என் கார் வெளியேதான் நிற்கும். நான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய் வரும்வரை அந்த டின் இடத்தைக் காக்கும்.

எதிர்வீட்டில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே இருப்பது ஒரு கணவனும் மனைவியும். அவர் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி வேலையை விட்டபோது, சொக்சோவின் தொழிலாளர் பென்ஷனுக்கு நான்தான் கடிதம் எழுதிக்கொடுத்தேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். போகிறார் என்பது எனக்குத் தெரியும். எப்படிப் போகிறார் என்று கேட்டதில்லை. மகன் கூட்டிப்போகிறான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மகன் ஜொகூருக்கு வேலை மாறிப் போனதும், டயாலிசிஸ் சென்டர் வேன் காலை ஆறு மணிக்கு வந்து அவரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிப்போவதும், அந்த வேன் கேட்டை ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்தச் சிவப்பு நாற்காலி என்பதும் பிறகு தெரிந்தவை. ஓய்வு பெற்ற அன்று, இனி எட்டு மணிக்கு முன்னால் கண் விழிப்பதில்லை என்று சபதம் எடுத்தவன் நான். ஆறு மணிக்கு உலகத்தில் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர்கள் காரை விற்றுவிட்டார்கள், விற்ற பிறகும் இடத்தை விடவில்லை என்பதுதான். சனிக்கிழமைதோறும் செலாயாங்கிலிருந்து என் மகள் இரண்டு பிள்ளைகளோடு வருவாள். அடுத்த தெருவில் காரை விட்டுவிட்டு, பையையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நடந்து வருவாள். வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒரு சனிக்கிழமை நல்ல மழை. மூன்று பேரும் தொப்பலாக நனைந்து வந்து நின்றார்கள். எதிரே அந்த நாற்காலி மழையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

போய்க் கேட்டால்தான் என்ன என்றாள் மனைவி. பத்தடி நடந்தால் எதிர்வீடு, வாய் இருக்கிறது, கேட்கவேண்டியதுதானே. பத்தடி நடந்து போய் ஒரு மனிதர் முகத்தைப் பார்த்துக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது கடிதம் எழுதிப் பழகியவனுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதினேன். அது அமைந்த விதத்தை இப்போது நினைத்தாலும் ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருக்கிறது. பொதுச்சாலை மக்களின் சொத்து என்று ஆரம்பித்து, தனிமனித சுயநலத்தைத் தொட்டு, தீயணைப்பு வண்டி நுழைய முடியாமல் குழந்தைகளும் முதியோரும் தவிக்கப்போகும் எதிர்காலத்தைக் காட்டி முடித்திருந்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியால் நாடே நின்றுபோன மாதிரி இருந்தது. எதிர்வீட்டு எண்ணைத் தெளிவாகப் போட்டேன். என் பெயரைப் போடவில்லை. ‘கவலை கொண்ட ஒரு குடியிருப்பாளர்’ என்று முடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை லோரி வந்துவிட்டது. கால்வாய்க்கு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இன்னும் வழியில் இருக்கிறது. இதற்கு மட்டும் நாலே நாள்.

நான் மாடி ஜன்னலில் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சிவப்பு நாற்காலி முதலில் லோரியில் ஏறியது. அதிகாரி கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டருகில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். சரிதான், வேலை முடிந்தது, லோரி போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. வந்ததோடு வந்தது, தெருவையே சுத்தம் செய்துவிட்டுப் போகலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. பூச்சட்டி போயிற்று. சைக்கிள் போயிற்று. இறக்கையில்லாத மின்விசிறியைச் சீனப் பெரியவர் ஒரு பக்கம் இழுக்க, லோரி ஆட்கள் ஒரு பக்கம் இழுக்க, கடைசியில் அதுவும் போயிற்று. பிறகு இரண்டு பேர் என் டின்னைத் தூக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. மூன்றாவது ஆளும் வந்து தூக்கினார். அவ்வளவு சிமென்ட் ஊற்றியிருந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயந்திரம் ரொட்டி வாங்கப் போய்த் திரும்பினால், என் வீட்டு முன்னால் யாருடைய காரோ நின்றது. காவலுக்கு டின் இல்லையே. தெருவில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது, எதிர்வீட்டு முன்னால். பழியும் தீர்ந்தது, இடமும் கிடைத்தது என்று காரைக் கேட்டை ஒட்டி நிறுத்திவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் ஹாரன் சத்தம் கேட்டு எழுந்தேன். ஜன்னலைத் திறந்தால், நடுரோட்டில் ஒரு வேன் நிற்கிறது. அதற்குப் பின்னால் வேலைக்குப் போகிற கார்கள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கின்றன. எதிர்வீட்டுக் கேட்டுக்கும் வேனுக்கும் நடுவில் என் கார். அதற்கும் பக்கத்துக் காருக்கும் இடையில் சக்கர நாற்காலி நுழையவில்லை. வேன்காரர் எதிர்வீட்டுக்காரரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்தார். அந்த அம்மா மடக்கிய சக்கர நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். ஒருமுறை கணவர் கால் மடங்கி என் கார் கதவில் சாய்ந்துவிட்டார். அந்த ஆள் ஒரு காலத்தில் நாற்பதடி கன்டெய்னரைத் துறைமுகத்துக்குள் ஒரே மடக்கில் ரிவர்ஸ் எடுத்தவர்.

கைலியோடு கீழே ஓடினேன். கார் சாவி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடி எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அவரை ஏற்றிவிட்டார்கள். நான் அந்த அம்மா முன்னால் நின்று, தெரியாமல் விட்டுவிட்டேன் என்று என்னவோ உளறினேன்.

“பரவால்லண்ணே. ஒங்களுக்கு எப்படித் தெரியும்,” என்று சொல்லிவிட்டு அவரும் வேனில் ஏறிக்கொண்டார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மறுபடியும் ஒரு நாற்காலியை வாங்கிப் போடலாம். லோரி மறுபடியும் வரும். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நாற்காலி வைக்கத்தான் தடை, காருக்குத் தடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமே என் காரை எதிர்வீட்டு முன்னால் நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து, அதை எடுத்துத் தெருக்கோடியில் விட்டுவிட்டு வந்தேன். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் இடம் தேடும் நேரம் அது. காலி இடத்தைக் கண்டால் விடுவார்களா? ஆகவே வேன் வரும்வரை அந்த இடத்தில் நானே நின்றேன்.

ஒரு பையன் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அங்கிள் நடுரோட்டில் தவம் செய்கிறீர்களா என்று விசாரித்தான். நான் நகரவில்லை. இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டான். காலை நடைக்குக் கிளம்பிய சீனப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, நகராண்மைக் கழகம் வந்தால் உன்னையும் லோரியில் ஏற்றிவிடுவார்கள், ஜாக்கிரதை என்றார். என் மனைவிக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. நாற்காலிக்காவது நாலு கால் இருந்தது, இதற்கு இரண்டுதான், அதிலும் ஒன்றில் மூட்டுவலி என்றாள்.

திங்கள், புதன், வெள்ளி. இப்படியே ஒரு மாதம் ஓடியது. எட்டு மணிச் சபதத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. வேன் வந்து கேட்டை ஒட்டி நிற்கும்போது எனக்கு ஒரு தனித் திருப்தி. எதிர்வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் என்று வேன்காரருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுப்பார். ஏறிய பிறகு என்னைப் பார்த்துக் கையை உயர்த்துவார். அந்தக் கையைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், இவர்களுக்குத் தெரியக்கூடாது, எந்தக் காலத்திலும் தெரியக்கூடாது என்று மனசு அடித்துக்கொள்ளும். பிராயச்சித்தம் செய்கிறவனுக்கு இவ்வளவு பயம் இருக்கக்கூடாதுதான். இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு டப்பா நிறைய உளுந்து வடை கொண்டுவந்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் நான் நின்று கஷ்டப்படுவது அவருக்குத் தாங்கவில்லையாம். கேட்டு முன்னால் யாரும் காரை நிறுத்தாதபடி மஞ்சள் கோடு போட்டுத்தரச் சொல்லி நகராண்மைக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதித்தர முடியுமா என்று கேட்டார். அதற்கென்ன, தாராளமாக எழுதித் தருகிறேன் என்று தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உற்சாகமாக உட்கார்ந்தேன்.

“நல்லா அழுத்தமா எழுதுங்கண்ணே,” என்றார். “போன தடவ எழுதுனீங்களே, அந்த மாதிரி. நாலே நாள்ல லோரி வந்துருச்சு.”

பேனா கையில் இருந்தது. மூடியைக் கழற்றவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அந்த அம்மா குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதிகாரி அன்றைக்குக் கேட்டில் நின்று முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டினாராம். இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டதாம். அவருடைய கணவருக்காக சொக்சோவுக்கு நான் எழுதிக்கொடுத்த கடிதத்தில் இருந்த அதே மலாயாம். அப்படியானால் வியாழக்கிழமையே தெரியும். வெள்ளிக்கிழமை காலையில், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று என்னைப் பார்த்துச் சொன்னபோதும் தெரியும். ஒரு மாதமாக அந்த மனிதர் கையை உயர்த்தும்போதும் தெரியும். எனக்கு அப்படி ஒரு வெட்கம் வாழ்க்கையில் வந்ததில்லை.

ஏனம்மா என்னைக் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டா சண்ட வரும். சண்ட போட்டா வேனு எங்கண்ணே நிக்கும்? எனக்கு வேனு நிக்கணும், அவ்ளோதான்.”

நான் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தேன். மேற்காணும் விவகாரம் வரவில்லை. மிகுந்த பணிவு வரவில்லை. எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார், வேன் கேட்டருகில் நிற்க வேண்டும், அங்கே மஞ்சள் கோடு வேண்டும் என்று ஆறு வரிதான் வந்தது. கீழே என் பெயர், வீட்டு எண், கையெழுத்து. அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“நல்லாதான் இருக்கு,” என்றார். “ஆனா போன தடவ மாதிரி ஜோரா இல்லையேண்ணே.”

நான் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு தாளை எடுத்தேன்.