ஆறு மாவும் அடியில்லாப் பானையும்

நகக்கண்ணில் ஏறிய களிமண் காய்ந்தால் விரல் நுனி இறுகி விண்விண் என்று தெறிக்கும். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் சோற்றில் கை வைக்கும்போது குளத்தடிச் சேற்றின் பச்சை வாடை மூக்கில் ஏறும். பதின்மூன்று வயதில் ஒரு கோடை முழுக்க அந்த வாடையோடுதான் நான் சாப்பிட்டேன். இப்போது நான் குடியிருக்கும் சென்னை அடுக்ககத்தில் எதிர்வீட்டு அம்மாள் சனிக்கிழமைதோறும் காரை எடுத்துக்கொண்டு போய், கரண்டில் சுற்றும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து களிமண்ணைக் குழப்பிவிட்டு வருகிறார். "மண்ணைத் தொட்டா மனசு அப்படியே அமைதியாயிடுதுங்க" என்கிறார். நான் தொட்ட மண் ஒருவருக்கும் அமைதி தரவில்லை. அதை அவரிடம் சொல்வானேன் என்று, கோணிக்கொண்டு நிற்கும் அவருடைய கோப்பையைப் பாராட்டிவிட்டு உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பா மிராசுதார். நிலம் ஒன்றரை வேலி, அதாவது பத்து ஏக்கர்தான், மிடுக்கு மட்டும் பத்து வேலிக்கு இருக்கும். அவர் வயலில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. வரப்பில் குடை பிடித்து நின்று, வேலை செய்கிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பார். புதுக் கட்சி ஆட்சிக்கு வந்த மறுவாரமே அவர் வேட்டியில் கறுப்பு சிவப்புக் கரை ஏறிவிட்டது. அதற்கு முந்தின மாதம்வரை அந்தக் கட்சிக்காரர்களை வாசற்படி ஏறவிடாதவர், இப்போது தெருமுனைக் கூட்டத்தில் முதல் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினார்.

குளத்தடியில் எங்களுக்கு இருந்த ஆறு மாவை, இரண்டு ஏக்கர் நிலத்தை, பக்கிரிசாமி என்பவர் குத்தகைக்கு உழுதுவந்தார். அவருக்கு முன்னால் அவருடைய தகப்பனார். எழுத்தில் ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. அந்தச் சமயத்தில்தான் உழுகிற குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு ஆளைக் கிளப்ப முடியாது. சிவப்புக் கொடிக்காரர்கள் ஊர் ஊராகப் போய் மனு எழுதிக் கொடுத்தார்கள். பக்கிரிசாமியும் மனுப் போட்டார். தாலுகா ஆபீசிலிருந்து அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று தெரிந்த அன்று அப்பா இலையில் உட்கார்ந்து சாப்பிடாமலே எழுந்துவிட்டார். "என் சோத்தத் தின்னுட்டு எனக்கே மனுப் போடுறான் பாரு" என்று வீடு அதிரக் கத்தினார். யார் சோற்றை யார் தின்றார்கள் என்பதை அந்த வயதில் எனக்கும் யோசிக்கத் தெரியவில்லை.

மன்னார்குடியில் ஒரு மனு எழுதுகிற ஆசாமி அப்பாவுக்கு ஒரு வழி காட்டினான். அந்த ஆறு மா பயிர் நிலமே இல்லை, பதினைந்து வருஷமாக நம் குடும்பம் பானைத் தொழில் நடத்தி மண் எடுக்கிற இடம் என்று காட்டிவிட்டால், குத்தகைக்காரன் என்று ஒருவன் எங்கிருந்து வருவான்? பயிர்க்கணக்கு எழுதுகிற கணக்குப்பிள்ளை அப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளி; கணக்கு எப்படி வேண்டுமானாலும் பேசும். குடும்பத்தில் யாராவது சக்கரத்தில் உட்கார்ந்து பானை வனைந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். கூலிக்கு ஆள் வைத்துக் காட்டக்கூடாதா என்றால், "அவனும் நாளைக்கு மனுப் போடுவான்" என்றார் அப்பா. பயந்தவனுக்கு எப்படியெல்லாம் புத்தி வேலை செய்கிறது பாருங்கள்.

அப்பா சேற்றில் உட்கார மாட்டார், கௌரவம். அண்ணன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். "உழுபவனுக்கே நிலம்" என்று மேடையில் அடுக்குமொழி பேசிக் கைதட்டு வாங்கி வருவான், வீட்டுக்கு வந்ததும் அந்த நிலத்து அரிசியில் மூன்று தரம் சோறு வாங்கிப் போட்டுக்கொள்வான். "இதெல்லாம் என் கொள்கைக்கு ஒத்து வராது" என்று கழன்றுகொண்டான். அப்பாவைத் தடுப்பது மட்டும் எந்தக் கொள்கையிலும் வராது போலிருக்கிறது. மிச்சம் இருந்தது நான். "பொண்ணு செஞ்சு காட்டுனா ஆபீசர் மனசு எளகும்" என்றார் அப்பா.

அறுவடை முடிந்து வாய்க்கால் வறண்டு கிடந்த நேரம். உள்ளூர்க் குயவர்கள் விஷயம் தெரிந்து ஒருவர்கூட வரவில்லை. குத்தாலம் பக்கத்திலிருந்து சண்முகம் என்ற இருபத்தைந்து வயசுக்காரரை ஏதோ பொய் சொல்லி அழைத்து வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "எங்க வீட்டுப் பொம்பளைங்களே சக்கரத்த தொட மாட்டாங்க, பாப்பா" என்றார். பிறகு ஆறு மாவின் மண்ணை ஆட்கள் வண்டி வண்டியாக வெட்டி மேடு போடுவதைப் பார்த்து, "ஒரு சக்கரத்துக்கா இம்புட்டு மண்ணு?" என்று கேட்டார். இடம் பழைய மண்குழி மாதிரித் தெரிய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சக்கரம் தரையோடு கிடக்கும். விளிம்பில் இருக்கும் குழியில் கோலை நுழைத்துச் சுழற்றிவிட வேண்டும். சுழற்றவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மண்ணை நடுவில் வைத்தால் அது நடுவைத் தவிர எல்லா இடத்துக்கும் போயிற்று. ஒருமுறை மொத்தமாகக் கிளம்பி என் தாவணியில் வந்து உட்கார்ந்தது. "கை ஆடக்கூடாது. முழங்கையத் தொடையில முட்டுக் குடுங்க. மண்ண அமுக்காதீங்க, புடிச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்று சண்முகம் ஒரே வாக்கியத்தை நாளெல்லாம் சொன்னார். அழுக்கும் கோபமுமாக நான் வனைந்தவை பானைகளா, மிதிபட்ட மாட்டுச் சாணியா என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலையில் மண் திடீரென்று என் கைக்குள் ஆடாமல் நின்றது. சக்கரம் சுற்றுகிறது, மண் சுற்றுவதே தெரியவில்லை. கட்டைவிரலை உள்ளே இறக்கினேன், சுவர் எழுந்து வந்தது, கழுத்து ஒடுங்கியது, வாய் விரிந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைத்து எழுத மாட்டேன். பக்கத்தில் பக்கிரிசாமியின் நிலத்தில் மண்வெட்டி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது; நான் பானையின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்முகம் ஈர நூலால் பானையை அறுத்து எடுத்தபோது அதற்கு அடி இல்லை, குழாய் மாதிரி இருந்தது. அடி சக்கரத்தில் வராது. பானை கொஞ்சம் காய்ந்த பிறகு உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடைக்க வேண்டும். "தட்டுறத நாளைக்குச் சொல்லித்தாரேன்" என்றார். மறுநாள் அவர் இல்லை. பக்கிரிசாமி மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் போன இடத்தில் முழு விஷயமும் தெரிந்துவிட்டது. "இந்தக் குழியில என் பேரு வேணாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கூலியும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டார். அந்தக் கோடையில் நான் பார்த்த ஒரே மரியாதையான காரியம் அதுதான்.

அதிகாரி வந்தார். அப்பா மன்னார்குடிச் சந்தையில் வாங்கிவந்த பானைகளை அடுக்கி, இளநீர் சீவி, வேட்டிக் கரை தெரியும்படி நின்றார். பக்கிரிசாமி எட்டத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். நான் உட்கார்ந்து, என் வாழ்நாளில் வனைந்ததிலேயே நல்ல பானையை வனைந்தேன். நூலால் அறுத்து, இரு கையாலும் தூக்கிக் காட்டினேன். அதன் வழியாக அந்தப் பக்கத்து வெயில் தெரிந்தது.

"ஏய், அடி எங்கடி? கெடுத்துட்டியே!" என்று அப்பா பாய்ந்து வந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்குப் பக்கிரிசாமி நினைவே இல்லை. என் பானையை, அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவர் குறை சொல்கிறாரே என்ற ஆத்திரம்தான். "சக்கரத்துல அடி வராதுப்பா! அப்புறமாத்தான் தட்டி அடைக்கணும். இதுகூடத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அதிகாரி இளநீரைக் கீழே வைத்தார். "பதினஞ்சு வருஷமாத் தொழில் நடத்துறீங்க. இது தெரியாதுங்களா?" என்று நிதானமாகக் கேட்டார். தினம் பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்த அப்பா, ஒரு பானை எப்படி உண்டாகிறது என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

பக்கிரிசாமியின் பெயர் பதிவேட்டில் ஏறியது. ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்தது. வாய்க்கால் நிரம்பி, முதலில் நிறைந்தது அந்த ஆறு மாதான். ஆள் மட்டத்துக்குப் பள்ளம். அவர் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கரையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "பேரு ஏறிடுச்சு பாப்பா. நாத்த எங்க நடுறதுன்னுதான் தெரியல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

அப்பா சாகும்வரை தான் தோற்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பானைகளுக்கு ஒரு குறையும் இல்லை, சந்தையில் பொங்கலுக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். வயல்தான் இல்லை. அந்தப் பள்ளத்துக்குச் சிமெண்ட் படி கட்டி, அப்பா பெயரைப் போட்டு, ஊருக்காக அவர் வெட்டிய குளம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். படியில் ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். விசாரித்ததில் பக்கிரிசாமியின் பேரன்; நானும் யார் மகள் என்று சொன்னேன். "ஒங்க அப்பா வெட்டுன கொளங்களாம்மா? பெரிய மனசுங்க" என்றான். பிறகு, "எங்க தாத்தா பேருலகூட இங்க நெலம் இருந்துச்சாம். வீட்டுல காயிதம் இருக்கு. எந்த எடம்னுதான் யாருக்கும் தெரியல" என்றான்.

இத்தனை நேரம் அப்பாவை ஏசிய நான், அந்தப் பலகையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தேன். "அப்படியாப்பா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டேன்.