வேலை தேடாத வீடு

2010-களின் நடுவில், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாளில், நெய்வேலி நகரியத்தில் நடந்தது இது. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு நிரந்தர வேலை கிடைக்காமல் இருந்த நான், வீடு வீடாகப் போய் வேலையின்மையைக் கணக்கெடுக்கும் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தேன். வேலையில்லாதவளே வேலையில்லாதவர்களை எண்ணக் கிளம்பிவிட்டாள் என்று எங்கள் வீட்டில் ஒரே கேலி.

பயிற்சியில் ஒரு விதி சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவருக்கு வேலை இல்லை என்பது மட்டும் போதாது. அவர் வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் 'வேலையில்லாதவர்'. தேடாமல் இருப்பவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். எனக்கு அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

அன்று மதியம் ஒரு குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வீட்டுக்காரர் சுரங்கத்தில் பர்மனென்ட் தொழிலாளி. செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மோர் கொடுத்தார். மகனுக்கு இருபத்தேழு வயதிருக்கும், டிப்ளமோ மெக்கானிக்கல். கேட்டதற்கெல்லாம் தலை நிமிராமலே பதில் சொன்னான்.

"போன வாரம் வேலை எதுவும் தேடினீங்களா தம்பி?"

"இல்லீங்க."

ஏன் என்று கேட்டேன். அவன் அப்பாவைப் பார்த்தான்.

"அவன் எதுக்கும்மா தேடணும்? இங்கயே கெடச்சிடும். வெளியூரு பக்கம் போவாதன்னு நான்தான் சொல்லிக்கினு இருக்கேன்" என்றார் அவர்.

அப்படியென்றால் அவனை வேலையில்லாதவன் என்று குறிக்க முடியாது என்று விளக்கினேன். படித்த திமிரில் கொஞ்சம் நீட்டி முழக்கியே விளக்கினேன். அவர் சிரித்தார். "அப்ப இந்த வூட்ல வேல இல்லாதவங்களே இல்ல. நல்லதாப் போச்சு."

அடுத்த வீட்டைக் காட்டுகிறேன் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட் வரை கூடவே வந்தார். எதிர் வரிசையில் ஒரு வீட்டைக் கைகாட்டி, "அந்த வூட்டுப் பையன் பர்மனென்ட்டும்மா. அவங்கப்பா போன வருசம் சர்வீஸ்லயே போயிட்டாரு. ரிட்டயர்மென்ட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி. குடுத்து வச்ச குடும்பம்" என்றார்.

பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் வாரிசுக்கு வேலை என்ற பேச்சு எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சாவு வீட்டில், 'போனது போச்சு, பையனுக்கு வேலை கிடைச்சிடும்' என்று ஆறுதல் சொல்வதும் வழக்கம்தான். ஆனால் இவர் குரலில் இருந்தது பொறாமை.

"எனக்கு அடுத்த மாசத்தோட சர்வீஸ் முடியுது" என்றார், பஸ் நேரம் சொல்பவரைப் போல. "அதுக்குள்ள போனாத்தான் புள்ளைக்கு ஆவும். சுகர் மாத்திர, பிரஷர் மாத்திர எல்லாத்தயும் நிறுத்திட்டேன். ஆஸ்பத்திரியில குடுக்கறத வாங்கியாந்து சாக்கடையில கொட்டிடறேன். வூட்ல யாருக்கும் தெரியாது. உங்க கணக்குல இதெல்லாம் வராதில்ல, அதான் உங்ககிட்ட சொல்றேன்."

பட்டப்பகலில், ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போகிற தெருவில், ஒரு மனிதர் தன் சாவுக்கு நாள் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்படியெல்லாம் பேசாதீங்க ஐயா என்று ஏதோ உளறினேன். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வீட்டில் போய் உட்கார்ந்தேன். படிவத்தை விரித்தவள் அப்படியே மூடினேன். ஒரு வீட்டில் கேட்டதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் கட்டளை. கட்டளையாவது மண்ணாங்கட்டியாவது என்று எழுந்து அவர் வீட்டுக்கே திரும்பிப் போனேன்.

நான் சொல்லச் சொல்ல, அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகன் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "அவரு செத்து எனக்கு வேலையா?" என்று மட்டும் கேட்டான். செருப்புகூடப் போடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு சுரங்க கேட்டுக்குப் பறந்தான். அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். டாக்டர் திட்டியது வார்டு முழுக்கக் கேட்டதாம்.

மூன்று மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடியும் போய்க் கேட்க வேண்டும். அது எங்கள் கணக்கெடுப்பு முறை. பயந்துகொண்டேதான் போனேன். கதவைத் திறந்தவர் அவர்தான். ஓய்வு பெற்றிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

"கைக்கு வந்தத கெடுத்துட்டீங்களேம்மா" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதல் நாள் கேட்டதைவிட இதுதான் என்னை உலுக்கிவிட்டது. அதற்குள் உள்ளிருந்து அவர் மனைவி மாத்திரையும் தண்ணீருமாக வந்தார். "நீங்க ஒக்காருங்கம்மா. அவரு இப்படித்தான் சொல்லிக்கினு இருக்காரு" என்றபடி, அவர் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றார்.

மகனிடம் பழைய கேள்வியையே கேட்டேன்.

"தேடினேன்க்கா. கடலூர்ல கம்பெனி கம்பெனியா ஏறி எறங்கினேன். ஒண்ணும் ஆவல. நாளைக்கு ஓசூர் போறேன்" என்றான்.

விதிப்படி அவனை வேலையில்லாதவன் என்று குறித்தேன். எங்கள் கணக்குப்படி அந்த வீட்டின் நிலைமை மோசமாகிவிட்டது. ஒருவரை அப்படி எழுதிவிட்டு மனம் நிறைந்து வெளியே வந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். வேலையில்லாதவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று செய்தியில் வாசிக்கும்போதெல்லாம், தேடுவதை விட்டுவிட்ட எந்த வீட்டில் யார் எதற்காகக் காத்திருக்கிறார்களோ என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.