காலில் பிறந்தவளின் இடுப்பு

பெயர் குள்ளம்மாள். ஆள் என்னவோ வாசல் தாண்டும்போதெல்லாம் தலை குனிய வேண்டிய உயரம். பிறந்தபோது கால்தான் முதலில் வெளியே வந்ததாம். தலை வருவதற்குள் வீட்டில் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்ததாம். பெற்றவள் அன்று பட்ட பாடு யாருக்கும் நினைவில்லை. பிள்ளை கால் முதலில் வந்தது மட்டும் பாலக்கோட்டைச் சுற்றியுள்ள எல்லா ஊர்களுக்கும் தெரியும்.

காலில் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்கு முறை உண்டு. பிடிப்பு வந்தவர் வாசலில் கிழக்கே தலைவைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். குள்ளம்மாள் இடது காலால் அவர் இடுப்பை மேலிருந்து கீழாக மூன்று முறை மிதித்துத் தடவுவாள். ஒவ்வொரு முறையும் "போச்சா?" என்று கேட்பாள். படுத்திருப்பவர் "போச்சு" என்று சொல்ல வேண்டும், சொன்னால்தான் போகும். பிறகு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். காசு கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

இந்த வைத்தியத்தில் தோல்வி என்பதே கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். கேள்வியும் தயார், பதிலும் தயார். பதில் சொன்னவர் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்களுக்குக்கூட இப்படி ஒரு வசதி செய்து தரப்படவில்லை.

வைத்தியம் அவளுடையது என்றால் விளம்பரம் அவள் கணவர் மாரப்பனுடையது. தக்காளி போடுகிற மனிதர். விலை ஏறினாலும் இறங்கினாலும் பாலக்கோட்டு மண்டிக்குப் போகாமல் அவரால் இருக்க முடியாது. அங்கே யாராவது இடுப்பில் கைவைத்து நின்றால் போதும், மாரப்பன் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். "எங்க வூட்டம்மா கால் பட்டா பறந்துரும்ங்க" என்பார். அந்த ஆள் வேறு காரணத்துக்காக இடுப்பில் கைவைத்திருந்தாலும் தப்ப முடியாது. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். மிதித்து முடித்ததும் மாரப்பனின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெண்டாட்டியைப் பற்றி இவ்வளவு பெருமைப்படுகிற ஆண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனால் வந்த வினைதான் எல்லாம்.

நான்கு வருடத்துக்கு முன்னால், பழம் பறிக்கக் குனிந்த குள்ளம்மாளுக்கு நிமிர முடியவில்லை. பறிப்பு நாளில் யாருக்குத்தான் இடுப்பு வலிக்காது என்று விட்டுவிட்டாள். பறிப்பு முடிந்தது, தக்காளிச் செடியைப் பிடுங்கிப் போட்டு ராகி விதைத்தார்கள், ராகியும் அறுத்தாயிற்று. வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. கால் வழியாக ஒரு எரிச்சல் கீழே இறங்கி, பெருவிரல் வரைக்கும் போய்த் திரும்பி வரும்.

ஒருமுறை மாரப்பனிடம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "உனக்கே இடுப்பு வலின்னா அப்பறம் ஊர் என்னா பண்ணும்?" என்று கேட்டார். கெட்ட எண்ணமே இல்லாத சிரிப்பு. அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தன் பெயர் கெட்டுப்போகும் என்ற பயம் இல்லை. மண்டியில் மாரப்பன் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பார் என்ற பயம். மற்றவர்களுக்கு இடுப்பு வலி என்றால் ஊரே கூடி பிரண்டைத் துவையல் சொல்லும், ஆட்டுக்கால் சூப்பு சொல்லும், பாயை மாற்றச் சொல்லும். இவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த ஒரு விதத்தில் கொடுத்துவைத்தவள். ஆனால் சொல்லிப் புலம்ப ஒரு ஆள் இல்லாத வலி, வலியை விடப் பெரிய வலி. வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில் தன் காலாலேயே தன் இடுப்பை மிதிக்கப் பார்த்ததாக அவளே பிறகு சொன்னாள். தொடையும் சேர்ந்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில், தருமபுரியில் இருக்கும் தங்கை மகளுக்குப் பிள்ளை பிறந்தது வசதியாகப் போயிற்று. பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்று பஸ் ஏறி, ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். படம் எடுத்தார்கள். முதுகெலும்புத் தட்டு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது, முழுதாகப் போகும் என்று சொல்ல மாட்டேன், பழகிக்கொள்ளத்தான் வேண்டும் என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமைதோறும் வந்து கரண்ட் வைத்துக்கொண்டு, உடற்பயிற்சியும் கற்றுக்கொள்ளச் சொன்னார். இடுப்பில் பட்டைகளை ஒட்டிச் சுருக்சுருக்கென்று மின்சாரம் விடுவதற்குத்தான் எங்கள் பக்கம் 'கரண்ட் வைப்பது' என்று பெயர்.

வாரா வாரம் வீட்டில் காரணம் சொல்ல வேண்டுமே? அந்தப் பிள்ளைக்குச் சளி என்றாள். அடுத்த வாரம் பேதி என்றாள். பிறகு உடம்பெல்லாம் சிவந்து போகிற செவ்வாப்பு என்றாள். பிள்ளை என்னவோ கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டிருந்தது. மாரப்பனுக்குத்தான் கவலையில் சாப்பாடு இறங்கவில்லை. வத்தல்மலைப் பக்கம் போனவரிடம் சொல்லிவைத்துத் தேன் வாங்கிக் கொடுத்தனுப்பினார்.

கரண்ட் வைக்கப் போன முதல் செவ்வாய்க்கிழமைதான் அந்தக் கூத்து நடந்தது. கரண்ட் அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில் ஒரு நீளமான பெஞ்சு. குள்ளம்மாள் மூலை திரும்பும்போது, அந்தப் பெஞ்சின் முன்னால் ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடது காலை அந்தரத்தில் ஆட்டி, கட்டைக் குரலில் "போச்சா? போச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் "போச்சு சாமி, போச்சு" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் யுவராணி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அதற்கு முந்தின வருடம் குள்ளம்மாளிடம் மிதி வாங்கி "போச்சு" சொன்னவள். சிரித்தவர்களில் ஒருவர் பாலக்கோட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் தாவூது; அவரும் மிதி வாங்கியவர். இன்னொருவர் பெங்களூருக்குத் தக்காளி லாரி ஓட்டும் கலைவாணன். அவரை மாரப்பன் இரண்டு தடவை டிராக்டரில் ஏற்றி வந்திருக்கிறார்.

யுவராணியின் கால் அந்தரத்திலேயே நின்றது. தாவூதுதான் முதலில் சமாளித்தார். தன் மச்சானுக்குத் துணையாக வந்ததாகச் சொன்னார். மச்சான் என்று காட்ட அங்கே ஆள் யாரும் இல்லை. குள்ளம்மாளும் சளைக்கவில்லை, தங்கை மகளுக்குத் துணையாக வந்ததாகச் சொன்னாள். அவளுக்கும் காட்ட ஆள் இல்லை. இரண்டு பேரும் இல்லாத இரண்டு பேருடைய உடல்நிலையை அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தபோது, கரண்ட் வைக்கும் பெண் பிரியதர்ஷினி கதவைத் திறந்து, இடுப்பு கரண்ட் தாவூது, இடுப்பு கரண்ட் குள்ளம்மாள், ரெண்டு பேரும் வரலாம் என்று கூப்பிட்டாள்.

உள்ளே ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை. இந்தப் பக்கம் அவள் குப்புறப் படுத்திருந்தாள், அந்தப் பக்கம் அவர். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பேச்சு வந்தது.

"அன்னிக்குப் போச்சுன்னீங்களே பாய்?" என்று கேட்டாள்.

"போவலைன்னு சொன்னா மறுபடியும் மிதிப்பீங்களேக்கா" என்றார் தாவூது. "அதுவும் இல்லாம, மாரப்பண்ணன் மூஞ்சியைப் பார்த்துட்டு எப்புடிங்க சொல்றது?" என்றார்.

வெளியே வந்து யுவராணியைக் கேட்டாள். போகவில்லை என்றாள். கலைவாணன் இரண்டு தடவையும் போகவில்லை என்றார். குள்ளம்மாளுக்கு முதலில் வந்தது ஆத்திரம். இத்தனை வருடம் கால் வலிக்க ஒற்றைக் காலில் நின்று மிதித்திருக்கிறாள். அத்தனை பேரும் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார்கள். பிறகு, நாமும் இதே பெஞ்சுக்குத்தானே வந்திருக்கிறோம் என்று தோன்றியது. ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பில் சுரீரென்றது. எல்லோருக்கும் அப்படித்தான். பெஞ்சு முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அந்தப் பெஞ்சுக்காரர்கள் ஒன்றுசேர்ந்ததே குள்ளம்மாளின் கால் பலிக்காததைப் பேசித்தான். இப்போது காலுக்குச் சொந்தக்காரியே வந்து சேர்ந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார அவளுக்கு இடம் பிடித்து வைத்தார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: யாரும் யாருக்கும் வைத்தியம் சொல்லக் கூடாது. சொன்னால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். மற்றபடி எதையும் பேசலாம். பஸ்ஸில் கடைசி சீட்டு ஆகாது, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை நல்லது. படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். சாப்பிடும்போது உட்கார முடியாத நாட்களில், காற்று வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே சாப்பிடலாம். வீட்டில் சந்தேகம் வராது. இந்தக் கடைசி யோசனை கலைவாணனுடையது. அவர் இரண்டு வருடமாகக் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார்.

யுவராணி ஒருநாள் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் அழுதாள். யாரும் காரணம் கேட்கவில்லை. குள்ளம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலி இம்மியும் குறையவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்திருக்கும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இடுப்பு வலிக்காரர்கள் எழுந்திருக்கும்போது சந்தோஷப்படுவது சாதாரண விஷயம் இல்லை.

ஊரில் மட்டும் மிதி நடந்துகொண்டுதான் இருந்தது. கேட்டு வருகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? அவர்களுக்குப் பின்னால் மாரப்பன் நிற்கிறாரே. அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று பெஞ்சில் எல்லோரும் சொன்னார்கள். சொல்கிறேன் என்பாள். வீட்டுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வராது.

போன தை மாதம், மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கும்போது மாரப்பனுக்கே பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். மனிதருக்கு வலியிலும் ஒரு குஷி. இத்தனை நாள் ஊருக்கெல்லாம் கிடைத்தது இப்போது தனக்குக் கிடைக்கப் போகிறதே! கிழக்கே தலைவைத்துத் தானாகவே குப்புறப் படுத்துக்கொண்டார். கொண்டுவந்தவர்களை இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். குள்ளம்மாளுக்கு வேறு வழி தெரியவில்லை. மிதித்தாள். போச்சா என்று கேட்டாள். முதல் கேள்வி முடிவதற்குள் மூன்று தடவைக்கும் சேர்த்து "போச்சு, போச்சு, போச்சு" என்று சொல்லிவிட்டார். எழுந்தார். வந்தவர்களிடம், பார்த்தீர்களா என்றார். திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை நடந்தும் காட்டினார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் தட்டில் களி போட்டு வைத்து, உட்காரச் சொன்னாள். அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

"காத்து நல்லா வருது. நின்னுக்கிட்டே சாப்புடறேன்" என்றார்.

குள்ளம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கு முன்னால் படியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"போவலையா?"

"போச்சுன்னுதான் சொன்னேனே."

"போச்சான்னு கேக்கல. வலிக்குதான்னு கேக்கறேன்."

மாரப்பன் களியை உருட்டிக்கொண்டே இருந்தார். வாயில் போடவில்லை. "உன் பேரு கெட்றக் கூடாதேன்னு பாத்தேன்" என்றார்.

இவள் அவருக்காக மறைத்தாள். அவர் இவளுக்காக மறைக்கிறார். இந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை, உண்மைக்குத்தான் இடம் போதவில்லை.

"எனக்கு நாலு வருசமா வலிக்குது. நான் தருமபுரிக்குப் போறது புள்ளையப் பாக்க இல்ல. கரண்ட் வெக்க" என்றாள். பெஞ்சைப் பற்றிச் சொன்னாள். தாவூதைப் பற்றி, யுவராணியைப் பற்றி, கலைவாணனைப் பற்றிச் சொன்னாள். பிள்ளைக்குச் செவ்வாப்பே வரவில்லை என்பதையும் சொன்னாள்.

மாரப்பன் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "இத வெளிய யாருகிட்டயும் சொல்லிறாத" என்றார்.

"வெளிய மிதி வாங்குன எல்லாருக்கும் தெரியும். தெரியாதது நீ ஒருத்தன்தான்யா."

களி ஆறிப்போயிற்று. தட்டை வாசல் திண்டின் மேல் வைக்கக் குனிந்தவர், குனிய முடியாமல் அப்படியே நின்றார். அவள் எட்டி வாங்கிக் கீழே வைத்தாள். அப்போதுதான் கேட்டார்.

"ரொம்ப வலிக்குதா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் நான்கு வருடமாகப் பதில் தயாராக இருந்தது. எரிச்சல், சுருக்கு, கூடையைத் தூக்கும்போது கண்ணில் வரும் இருட்டு, அவர் சிரித்த சிரிப்பு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிச் சண்டை போட வேண்டும் என்று இருந்தாள்.

"ஆமா" என்றாள். அவ்வளவுதான் வந்தது. அழ ஆரம்பித்துவிட்டாள். அவரால் உட்கார முடியவில்லை, அவளால் எழ முடியவில்லை. அவர் நின்றபடியே அவள் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.