குட்டி போட்ட பல்லி

போன கிழமை ஓக்லாந்தில், பிளாட் புஷ் பக்கம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். நண்பரின் மனைவி சின்னப் போத்தலொன்றைத் திறந்து, பிள்ளைக்குப் பேரிக்காய்க் கூழ் தீத்தினாள். அந்த வாசம் மூக்கில் பட்டதும், "எனக்கு ஒரு பல்லி ஞாபகம் வருது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் பார்த்த பார்வையில், இனி அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி கிடைப்பது சந்தேகம்தான். அவளுக்குச் சொல்ல முடியாமல் போனதை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஓக்லாந்துக்கு வந்த புதிதில், கிளென்ஃபீல்டில் பெரியப்பாவின் மகள் சாந்தியக்கா வீட்டில் இருந்தேன். மோலில் சப்பாத்துக் கடையில் வேலை. ஆட்களின் முகத்தை மறந்து காலை மட்டும் ஞாபகம் வைத்திருந்த காலம். அக்காவின் கணவர், என் அத்தான், கதை குறைந்த மனிதர். நான் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் அக்காவுக்கு ஆறாம் மாதத்தில் பிள்ளை தவறியிருந்தது. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. அதைக் கதைக்காததால் வேறெதையும் கதைக்க முடியவில்லை போலும். அக்கா சமைப்பா, துடைப்பா, யன்னலடியில் நிற்பா.

பக்கத்து வீட்டு மார்கரெட், தன் தோட்டத்து மானுகா மரத்தின் கீழே வலைக் கூடொன்றில் இந்த நாட்டுக் காட்டுப் பல்லி வளர்த்தார். அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். முழங்கால் ஏலாமல் முதியோர் இல்லத்துக்குப் போகத் தீர்மானித்தபோது, அதை வளர்க்க முடியுமா என்று வேலிக்கு மேலால் அக்காவிடம் கேட்டார். அக்கா என்ன நினைத்துத் தலையாட்டினாவோ தெரியாது.

"பல்லியைக் கண்டால் விளக்குமாறு தூக்கிற நீர், இப்ப வளர்க்கப் போறீரோ?" என்றார் அத்தான்.

"இது சுவரில ஓடுற பல்லியில்லை" என்றா அக்கா. அத்தான் அனுமதிக்கு எழுதிப் போட்டார். அனுமதி வந்ததும் கூடு வேலி தாண்டி எங்கள் பக்கம் வந்தது.

உண்மையில் அது அழகான உயிர். பாசி படர்ந்த மரப்பட்டையைப் போல மேனி. பட்டையில் ஒட்டிக்கொண்டால் கண்டுபிடிக்கவே முடியாது. வாயைத் திறந்தால் உள்ளே பளீரென்று செம்மஞ்சள். இமை கிடையாது, நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொள்ளும். பகலெல்லாம் பதுங்கிக் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் இரை தேட வெளிக்கிடும்.

அந்துப்பூச்சியும் சில்வண்டும் கொடுக்க வேண்டும், இடைக்கிடை பேரிக்காய்க் குழந்தை உணவில் ஒரு துளி தேனும் கலந்து வைக்க வேண்டும் என்று மார்கரெட் சொல்லியிருந்தார். அத்தான் சூப்பர்மார்க்கெட் போய்ப் பாலும் வெங்காயமும் வாங்கி வந்தார். குழந்தை உணவு இல்லை.

"அந்தப் பிள்ளைச் சாமான் வரிசைக்குள்ள போக ஏலாமல் கிடக்கு, தம்பி. நீர் போய் வாங்கியாரும்" என்றார் மெதுவாக.

நான் போனேன். கை நிறையப் போத்தல்களைக் கண்ட கவுண்டர்ப் பெண், பிள்ளைக்கு எத்தனை வயதென்று கேட்டாள். "சரியாகத் தெரியாது" என்றேன். பல்லியின் வயது எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா முதல் போத்தலைத் திறந்து, நீண்ட நேரம் முகர்ந்தபடி குசினியில் நின்றா. பிறகு ஒரு மூடியில் ஊற்றிக் கூட்டுக்குள் கொண்டுபோய் வைத்தா. அன்றிலிருந்து காலையும் மாலையும் அக்காவைக் கூட்டடியில்தான் காணலாம். முதல் குளிருக்குத் தன் கம்பளிச் சட்டையைக் கூட்டின் மேல் போர்த்திவிட்டா. "இது குளிர்நாட்டுப் பல்லி, சூடுதான் இதற்கு ஆகாது" என்று மார்கரெட் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தார்.

மாசி மாதம், இங்கே கோடை முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமைக் காலை அக்காவின் சத்தம் கேட்டது.

"தம்பி, ஓடி வாடா! இஞ்சருங்கோ, நீங்களும் வாங்கோ!"

மரப்பட்டையில் தாயின் பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு குட்டிகள். இந்தப் பல்லி முட்டையிடாது, குட்டிதான் போடும். கூட்டில் ஆண் இல்லையே என்று கேட்டதற்கு, முன்பு இருந்து செத்துப்போன ஆணின் விந்தணுவைப் பெண் மாதக்கணக்கில் உள்ளே வைத்திருக்கும் என்றார் மார்கரெட்.

அக்கா சிரித்தா. நான் வந்த பிறகு கேட்ட முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஈரப் புல்லில் இருந்துவிட்டா, சிரிப்பு அழுகையானது. அத்தான் கட்டியிருந்த சாரத்தோடு பக்கத்தில் போய் இருந்தார்.

"எங்கட பிள்ளைக்கு வாற சித்திரையில ஒரு வயசு" என்றார்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தா. "நீங்களும் எண்ணிக்கொண்டே இருந்தனீங்கள்?"

"ஓம்."

நான் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டேன். மூன்று கோப்பையும் ஆறிப்போயின. அன்றைக்கு வெகுநேரம் இருவரும் அந்தப் புல்லில் இருந்து கதைத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து அத்தானுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தது. இந்தப் பல்லிகள் நாட்டை விட்டுப் போக முடியாது. பக்குரங்காவில் அனுமதி உள்ள ஒருவரிடம் மூன்றையும் ஒப்படைத்தோம். "தண்ணியை இலையில தெளியுங்கோ, பாத்திரத்தில வைச்சால் அது குடியாது" என்று அக்கா அவருக்குத் தன் ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னா. 

பிறகு அக்கா அங்கிருந்து எடுக்கிற ஒவ்வொரு தொலைபேசியிலும் முதல் கேள்வி, "போய்ப் பாத்தனியே?" இரண்டு தடவை போய்ப் பார்த்துச் சொன்னேன். மூன்றாம் தடவை போனபோது அந்த மனிதர் தெற்குத் தீவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். எங்கே என்று அயலில் ஒருவருக்கும் தெரியவில்லை. முப்பது நாற்பது வருடம் வாழுமாம் இந்தச் சாதி. அக்காவுக்குத்தான் ஆயுள் போதவில்லை. வேறு பிள்ளையும் கிடைக்கவில்லை. மார்பில் வந்த புற்றுநோய் போன வருடம் கொண்டுபோய்விட்டது.

இப்போது அத்தான் எடுக்கிறார். "நாங்கள் இருந்த அந்தப் புல்லை ஒரு படம் எடுத்து அனுப்புவீரோ?" என்று கேட்டிருந்தார். நேற்றுக் கிளென்ஃபீல்டுக்குப் போனேன். நல்ல வெயில். இரண்டு காணியையும் சேர்த்து மாடிவீடுகள் கட்டிவிட்டார்கள். மானுகா இல்லை, வேலி இல்லை. புல் இருந்த இடத்தில் கார் விடுவதற்குச் சீமெந்து போட்டிருக்கிறது.

அங்கே நின்றபடியே அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். "இஞ்ச சரியான மழை, அத்தான். இன்னொரு நாள் எடுத்து அனுப்பிறன்."

"ஓம் தம்பி" என்றார். "ஓக்லாந்து எண்டால் மழைதானே."