அக்கா பேசிய மூன்று நிமிடம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இராது.

அக்கா பிறந்தது பள்ளத்தூர். அப்பாவுக்கு ரங்கூனில் கடை வேலை, அதனால் வளர்ந்தது அங்கே. அப்பா காலமான மறுவருஷம் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நாலு. அம்மா, சித்தப்பா, நாங்கள் இருவர் நடந்தே புறப்பட்டோம். ஊர் வந்தது மூன்று பேர். அம்மா ரங்கூன் ஆஸ்பத்திரியில் இறந்ததாகவும், முறைப்படி கொள்ளி வைத்ததாகவும் சித்தப்பா ஊருக்குச் சொன்னார். எனக்கு அம்மா முகமே நினைவில்லை, நானும் நம்பினேன்.

அக்கா நெல் அவித்து என்னை வளர்த்தார்கள். இன்று சாக்கோட்டை சாலையில் எனக்கு இரண்டு ரைஸ் மில். என்னைத் தூக்கிவிட்டவர் யாருமில்லை, அக்காவைத் தவிர.

பினாங்கிலிருந்து சினிமாப் படம் பிடிக்கும் காமிரா வரவழைத்தேன். இந்த வட்டாரத்தில் முதலில் வாங்கியவன் நான்தான். அக்காவை உட்கார வைத்து, "அம்மா கதையைச் சொல்லுங்கக்கா" என்றேன். அன்றுதான் உண்மையைச் சொன்னார்கள். கழுவி வந்த படத்தைப் போட்டால் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அந்தக் காமிரா பேச்சைப் பிடிக்காதாம்.

அக்கா சிரித்தார்கள். "ரெண்டு மில்லு வச்சிருக்கவன் ஊமைக் காமிராவை வாங்கிட்டு வந்திருக்கியே. போகட்டும் தம்பி, நீ கேட்டீல்ல? நீ சொல்லு."

அக்கா போன பிறகு, கருமாதியன்று அந்தப் படத்தைப் போடப் போகிறேன் என்றதும் சித்தப்பா தடுத்தார். "அண்ணியைக் காட்டுப் பாதையில விட்டுட்டு வந்தோம்னு ஊருக்கே காட்டணுமாடா?"

"விட்டது நிசம்தானே சித்தப்பா. பிடிக்காட்டி சாப்பிட்டுட்டுப் படுத்துக்கங்க."

ஜன்னல்களை அடைத்து, சுவரில் வேட்டி கட்டிப் படத்தைப் போட்டேன். அக்கா வாயசைக்க, பக்கத்தில் நின்று அவர்கள் வார்த்தையை நான் சொன்னேன். "காலராவுல அம்மா போயிட்டாக. எரிக்க வழியில்ல. கூட வந்தவுக நாலு பேர் தூக்கிப் பாறையோரம் வச்சாக. அவுக சேலையையே போர்த்திட்டு நடந்தோம்."

பின்னாலிருந்து சித்தப்பா குரல் வந்தது.

"நாலு பேர் இல்லப்பா. காலரான்னு யாரும் கிட்ட வரல. நான் ஒருத்தன்தான் தூக்குனேன். புள்ளைகளை அங்குட்டுத் திரும்பி நிக்கச் சொல்லிட்டேன். உங்கக்கா பார்க்கல."

படம் பார்க்கும் மெஷின் தந்து உதவிய காரைக்குடி நண்பருக்கும், பந்தியில் நின்ற பங்காளிகளுக்கும், அந்த மூன்று நிமிடமும் எழுந்து போகாமல் இருந்த அத்தனை பேருக்கும் நன்றி.

தலைத்திவசத்தன்றும் போடுவேன். வேண்டாமென்று யாரும் சொல்லியனுப்ப வேண்டாம். நான் கேட்கப் போவதில்லை. போன தடவை நான் ஒருவன் நின்றேன். இந்தத் தடவை வேட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்று சித்தப்பாவுக்கு.