நாலந்தா தாண்டினால் சண்டை இல்லை

"தங்கச்சி, நம்மட குணநாயகம் ஐயா மௌத்தாப் போயிட்டாரு" என்று ரிஸ்வான் நானா தொலைபேசியில் சொன்னபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா இறந்துவிட்டார் என்பது உறைத்து அழுகை வருவதற்குள் அவரே, "இனி காலைல யாரோட சண்ட புடிக்கிறது?" என்று கேட்டுவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தோசை கருகிப் போனது.

நாவுலக் கந்தோரில் எனக்கு மேலதிகாரியாக இருந்த ஐயாவை அறிந்தவர்களுக்கு அவர் வாயையும் தெரியும். மாத்தளையிலிருந்து நாவுலவுக்குப் போகும் காலை பஸ்ஸின் கடைசி ஆசனம் எங்கள் மூவருக்கும் சொந்தம்: யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து மாத்தளையிலேயே தங்கிவிட்ட ஐயா, நாவுலவில் மரக்கறி வியாபாரம் செய்யும் நானா, நான்.

நானாவின் போனில் எந்த நாட்டுப் போர்ச் செய்தி வந்தாலும், ஐயா நம் பழைய யுத்த தர்மத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லுவார். "தேரோட்டியையும் முரசு அடிக்கிறவனையும் தொடக் கூடாது எண்டது சட்டம். இப்ப தேரோட்டி ஆர்? அம்புலன்ஸ் ட்ரைவர். முரசு அடிக்கிறவன் நியூஸ்காரன்." ட்ரோனுக்கு என்ன சட்டம் என்று ஒருநாள் கேட்டேன். "முகம் காட்டாமல் அடிக்கிறவனை வீரன் எண்டு சொல்லாதையும் பிள்ளை!" என்று என்னை அதட்டினார், ட்ரோனை நான்தான் அனுப்பியதுபோல.

பொழுது சாய்ந்தால் போர் நிற்க வேண்டும் என்பதும் பழைய விதி. காலை பஸ்ஸில் பொழுது எங்கே சாய்வது? ஆகவே வழியில் வரும் நாலந்தாச் சந்தியை ஐயா அந்தியாக்கினார். அங்கே வந்ததும் வாதம் நின்றுவிடும். வென்றவரே மூவருக்கும் இஞ்சி டொபி வாங்க வேண்டும். தினமும் தானே வென்றதாக அறிவித்துத் தானே வாங்கித் தருவார். அப்படியொரு திமிர், அப்படியொரு தாராளம்!

ஒருநாள் அது பிசகியது. தூர தேசமொன்றில் ஆஸ்பத்திரி மேல் குண்டு விழுந்திருந்தது. "மேலிடம் சொன்னதை விமானி செய்தான். அது அவன்ர கடமை. வேறென்ன செய்வான்?" என்றார் ஐயா. நானாவின் முகம் மாறியது. "அங்க படுத்துக் கிடந்தது உங்கட புள்ளயா இருந்தா இப்பிடிச் சொல்லுவீங்களா?" என்று எழுந்து முன் ஆசனத்துக்குப் போய்விட்டார்.

அதன்பின் பல நாட்கள் அங்கேதான் உட்கார்ந்தார். ஐயா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இத்தனை வருஷச் சிநேகிதம் ஒரு வார்த்தையில் அறுந்துவிடுமோ என்று பயந்தேன்.

ஒரு காலை, நாலந்தா தாண்டிச் சிறிது தூரத்தில், ஐயா எழுந்தார். "மாத்தயா, வாடிவென்ன" என்று கண்டக்டர் உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல், கம்பியைப் பிடித்துத் தள்ளாடி முன்னால் போனார். பஸ்ஸுக்கே கேட்கும் குரலில், "நானா, நான் சொன்னது பிழை. கட்டில்ல கிடக்கிறவனை அடிக்கச் சொன்னால், மாட்டன் எண்டு சொல்லுறதுதான் வீரன்ர கடமை. அதை விளங்காமல் நான்..." என்றார்.

நானா திரும்பிப் பார்க்கவில்லை. "நாலந்தா தாண்டியாச்சு ஐயா. இனி சண்டைக் கத பேசப்படாது. உங்கட சட்டம்தானே?" என்றார். பிறகு தன் பக்கத்து ஆசனத்தைத் தட்டினார். "இன்டைக்கு நான்தான் வென்ட. குந்துங்க, டொபி வாங்கித் தாறன்."

ஐயாவால் ஒரு போரையும் நிறுத்த முடியவில்லை. ஆனால் எந்தச் சண்டைக்கும் ஒரு நாலந்தா வேண்டும் என்பதை அவரிடமிருந்து எடுத்துவைத்துக்கொண்டேன். வீட்டில் என் கணவரோடு மல்லுக்கட்டும்போதும், "நாலந்தா வந்தாச்சு" என்றால் இருவரும் வாயை மூடிவிடுவோம்.

செத்த வீட்டுக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை நானும் நானாவும் கடைசி ஆசனத்தில், நடுவில் ஐயாவின் இடத்தை விட்டு உட்கார்ந்தோம். புதிதாக ஏதோ போர். ஐயா சொல்லியிருக்கக்கூடியதை நான் சொன்னேன், நானா மறுத்தார், இருவரும் கத்தினோம். நாலந்தா வந்தது. நிறுத்தினோம்.

"யாரு வென்ட, தங்கச்சி?"

"இன்றைக்கும் அவர்தான்" என்றேன்.

பழக்கத்தில் மூன்று டொபி வாங்கிவிட்டேன். மூன்றாவதைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்த நானா, "அவருக்குத்தான் சுகராச்சே" என்று தன் வாயில் போட்டுக்கொண்டார்.